இரண்டாம் ஆண்டுக் கேள்வி

அரசு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சராக இருப்பவருக்குப் பாடம் நடத்துவது பாதி வேலை. லேப் சாவி, இருப்புப் பதிவேடு, யூபிஎஸ் பேட்டரி, எலி கடித்த வயர், கரன்ட் போகும் நேரம், பூட்டிய அறையில் படியும் தூசி எல்லாம் மறுபாதி. பள்ளிகளுக்குத் தொழில்நுட்பம் தருவது பற்றி இந்த மாநிலத்தில் நடந்த அரசியல் வாதங்களை ஒன்றுவிடாமல் கவனித்து வந்திருக்கிறேன். எத்தனை லட்சம் மடிக்கணினி, எத்தனை கோடி ரூபாய், எந்த ஆட்சி, யாருடைய படம் என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். கொடுத்த ஓராண்டு கழித்து அந்த அறையில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. என் பணிக்காலம் முழுவதும் நான் பதில் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

1999-2000 கல்வியாண்டை ஒட்டி, கலைஞர் ஆட்சியில், அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம் பெரிய அளவில் தொடங்கப்பட்டது. அந்த அலையில் ஒப்பந்த ஆசிரியையாக வந்தவள் நான். பள்ளி விழுப்புரத்துக்கு மேற்கே, கரும்பும் மரவள்ளியும் விளையும் ஊர். இயந்திரமும் ஒப்பந்தத்தில் வந்தது, நாங்களும் ஒப்பந்தத்தில் வந்தோம். சம்பளம் சொற்பம். ஆனாலும் அந்த லேப் கதவைத் திறக்கும்போது பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்த மரியாதையைப் பார்த்தவர்கள், கிராமத்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று ஒருநாளும் கேட்க மாட்டார்கள்.

பிறகு பணி நிரந்தரத்துக்காக 2008-ல் ஒரு சிறப்புத் தேர்வு. அதன் தேர்ச்சி மதிப்பெண் குறித்து வழக்கு. அந்த வழக்கு வருடக்கணக்கில் நீண்டு, முடிவில் அறுநூறுக்கும் மேற்பட்ட கணினிப் பயிற்றுநர்கள் வேலை இழந்தார்கள். எனக்கு வேலை நிலைத்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இருந்த தோழிக்குப் போய்விட்டது. அவளுடைய லேப்பில் இயந்திரங்கள் அப்படியே இருந்தன, மேலே துணி போர்த்தி வைத்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்கு முன்பு எங்கள் பள்ளிக்கு வந்து பழகிவிட்டுப் போனார்கள். தொழில்நுட்பம் ஆசிரியரின் இடத்தைப் பிடித்துவிடும் என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் துணி போர்த்திய அறை நினைவுக்கு வரும். ஆசிரியர் போன மறுநாளே அங்கே தொழில்நுட்பமும் நின்றுபோனது.

ஓராண்டு இரவல்

நாட்டளவில் இந்தக் கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1975 ஆகஸ்டில் தொடங்கிய சைட் திட்டத்தை ஆசிரியர் பயிற்சியில் படித்திருப்போம். அமெரிக்காவின் நாசா இரவலாகத் தந்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி, மாலையில் விவசாயம், சுகாதாரம், குடும்ப நலம். ஆந்திரமும் கர்நாடகமும் அந்தப் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. உலகமே வியந்து பார்த்த முயற்சி அது. ஓராண்டு முடிந்ததும், பேசியபடியே செயற்கைக்கோள் திரும்பிப் போனது.

1984-85-ல் கிளாஸ் திட்டம் வந்தது. பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டரை வாங்கி, முதல் கட்டமாக 250 பள்ளிகளில் வைத்தார்கள். 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கென்றே வடிவமைத்த எடுசாட் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். கர்நாடகத்தில் சாம்ராஜ்நகர் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் முன்னோட்டம் நடந்தது. 2010-ல் எடுசாட்டின் பணிக்காலம் முடிந்தது.

இந்த மூன்றையும் தோல்வி என்று நான் சொல்லவில்லை. சைட் இல்லாமல் நம் பொறியாளர்களுக்கு அந்த அனுபவம் கிடைத்திருக்காது. ஆனால் மூன்றிலும் ஒரே அமைப்பு தெரிகிறது. டெல்லியிலோ தலைநகரங்களிலோ முடிவெடுத்தார்கள், கருவி வந்தது, விழா நடந்தது. கருவிக்கு ஆயுள் முடிந்ததும் வகுப்பறை பழைய நிலைக்குத் திரும்பியது. கருவியின் ஆயுளையும் தாண்டி வகுப்பறையில் தங்க வேண்டியது எது என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதவில்லை.

லேப்டாப் வந்த காலம்

2011 தேர்தலில் அதிமுக, பிளஸ் ஒன், பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி தருவதாக வாக்குறுதி அளித்தது. ஆட்சிக்கு வந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் முதலமைச்சர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொள்முதல் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான எல்காட்டுக்கு. அதற்கு முன்பு 2006-ல் திமுக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தபோதே அதை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு, மடிக்கணினி, மிக்ஸி, கிரைண்டர் வரை நீண்டு, 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. தேர்தல் அறிக்கையில் இவற்றை வாக்குறுதியாகத் தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது நீதிமன்றம். தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொன்னது. 2022-ல் அதே வாதம் மறுபடி அங்கே போனது.

"பள்ளிக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை, லேப்டாப் கேட்குதா?" என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கழிப்பறை வேண்டும் என்பதில் எனக்கு அவர்களைவிடக் கோபம் அதிகம், நான் அந்தப் பள்ளியில் காலை முதல் மாலை வரை இருந்தவள். ஆனால் தனியார் பள்ளியில் தன் பிள்ளை கழிப்பறை, கம்ப்யூட்டர் இரண்டையும் அனுபவிக்கும்போது, அரசுப் பள்ளிப் பிள்ளை மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்வது நியாயம் ஆகாது. கூலி வேலைக்குப் போகும் அப்பா அம்மாவால் வாங்கித்தர முடியாத ஒரு கருவியை அரசு தந்தது. அது பாடப் புத்தகம் போல, சத்துணவு போல, பிள்ளைக்குச் சேர வேண்டியது.

அந்த வருடங்களின் வேலையை வெளியே இருந்தவர்கள் அறிய மாட்டார்கள். லாரியில் பெட்டிகள் வந்து இறங்கும். ஒவ்வொரு பெட்டியின் வரிசை எண்ணையும் பதிவேட்டில் ஏற்றி, மாணவர் கையெழுத்து வாங்கும் வரை பொறுப்பு பள்ளிக்கு. இரவுக் காவலர் பணியிடம் பல பள்ளிகளில் காலி. பெட்டிகள் இருக்கும் அறைக்கு வெளியே பாய் விரித்து ஆசிரியர்கள் முறைபோட்டுப் படுத்தார்கள். பூட்டை உடைத்துத் திருடிய செய்திகள் மாவட்டம் மாவட்டமாக வந்தன. காணாமல் போனதற்கு விலையைத் தலைமையாசிரியரிடமே வசூலிப்பார்களோ என்ற பயத்தில், பெட்டி வந்த அன்றிலிருந்து கொடுத்து முடிக்கும் வரை எங்கள் எச்.எம். சரியாகத் தூங்கவில்லை.

ஆனாலும் 2012-ஐ மறக்க முடியாது. சென்னைக்கு வெளியே பகலில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த ஆண்டு அது. லேப்பில் இருந்த மேசைக் கணினிகள், பேட்டரி போன யூபிஎஸ்ஸோடு ஊமையாக இருந்தன. மடிக்கணினி வாங்கியிருந்த பிள்ளைகளை, வீட்டில் கரன்ட் இருக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். வேப்பமரத்தடியில் இருவருக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு சி பிளஸ் பிளஸ் புரோகிராம் எழுதினார்கள். கண்டிஷன் தப்பாகி லூப் நிற்காமல் ஓடினால், யாரையும் கேட்காமல் தாங்களே திருத்தினார்கள். அதுவரை செய்முறைத் தேர்வுக்கான புரோகிராம்களை நோட்டில் மனப்பாடம் செய்துவந்த வகுப்பு அது. கருவி பிள்ளையின் கைக்குப் போனால் என்ன மாறும் என்பதை அந்த ஆண்டு கண்ணால் பார்த்தேன்.

அந்த வாய்ப்பு ஒவ்வொரு ஆண்டும் கிடைக்கவில்லை. டெண்டர், கொள்முதல், விழாத் தேதி என்று தள்ளிப்போய், பிள்ளைகள் பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு வெளியேறும் நேரத்தில்தான் பெட்டி வந்த ஆண்டுகள் உண்டு. வெளியேறிய பிறகும் கிடைக்காமல், முன்னாள் மாணவர்கள் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக் காத்திருந்த ஆண்டுகளும் உண்டு. கணக்கில் அது 'வழங்கப்பட்டது' என்றுதான் ஏறும். பிளஸ் ஒன் ஜூன் மாதம் கிடைத்தால் அந்த லேப்டாப் இரண்டு ஆண்டு பாடக் கருவி. பிளஸ் டூ ஏப்ரலில் கிடைத்தால் பள்ளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரே பணத்தைச் செலவழித்து, மாதத்தை மாற்றுவதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை எந்த விவாதத்திலும் யாரும் எடுத்துப் பேசவில்லையே என்று ஆற்றாமையாக இருக்கும்.

எந்த மென்பொருள்?

லேப்புக்கு உள்ளே இன்னொரு அரசியல் நடந்தது. வெளியே அது அதிகம் தெரியவில்லை. பல ஆண்டுகள் பிளஸ் டூ புத்தகத்தில் ஸ்டார் ஆஃபீஸ் கற்பித்தோம். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் இருந்த காலத்தில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸைக் கொண்டுபோக முனைந்தார். மடிக்கணினி டெண்டரின்போது விண்டோஸா, லினக்ஸா என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த முதல் தொகுப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. திறந்தவுடன் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். லினக்ஸில் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் விண்டோஸைக் காட்டுவார்கள். அங்கேயே அந்த விவாதம் முடிந்துவிடும்.

கேரளத்தில் அது அப்படி முடியவில்லை. 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது அங்கும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றித்தான் பாடம் இருந்தது. ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. அரசுப் பள்ளிப் பாடம் ஒரு நிறுவனத்துக்கு விளம்பரமாகக் கூடாது என்ற வாதம் எழுந்தது. லினக்ஸ் உள்ளே வந்தது, பிறகு அதுவே முழுமையாக ஆனது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. உயர்நிலை வகுப்புகளில் ஐடி கட்டாயப் பாடமானது, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலும் இடம்பெற்றது. பள்ளிதோறும் ஒரு ஆசிரியரைப் பயிற்சி கொடுத்து ஐடி ஒருங்கிணைப்பாளராக வைத்தார்கள். ஆட்சி இடதுக்கும் வலதுக்கும் மாறி மாறிப் போனபோதும் அந்தப் பாடவேளையை யாரும் எடுக்கவில்லை.

நம் மாநிலத்தில் ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை கணினி அறிவியலைத் தனிப் பாடமாக்க வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. சமச்சீர் கல்வி வந்த காலத்தில் இந்த வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் புத்தகம் அச்சாகியும் வந்தது. ஆட்சி மாறியது, சமச்சீர் கல்வியே உச்ச நீதிமன்றம் வரை போய் 2011 ஆகஸ்டில்தான் திரும்பி வந்தது. அந்தக் கணினிப் புத்தகம் மட்டும் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. கணினியில் பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் மாநிலத்தில் இது நடந்தது.

ஒருவர் தந்த பெட்டி, இன்னொருவர் தந்த கேபிள்

2019 ஆகஸ்ட் 26 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தார். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து ஒளிபரப்பு, அரசு கேபிளில் 200-ஆம் எண். ஆசிரியர் அறையில் அன்று நடந்த பேச்சு நினைவிருக்கிறது. இயற்பியல் பணியிடத்தை நிரப்பாமல் இயற்பியல் டிவியைக் கொடுக்கிறார்களே என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். அந்த அச்சம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். காலிப் பணியிடம் இருக்கும் பள்ளிகளில் திரையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்த நாட்கள் பின்னால் வந்தன.

ஆனால் ஏழே மாதத்தில் கொரோனா வந்தது. பள்ளிகளைப் பூட்டினோம். 2020 ஜூலையில் கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு வாரியாகப் பாட அட்டவணை வெளியானது. செல்போனும் நெட்டும் இல்லாத வீடுகளுக்கு அது ஒன்றே வழி. அந்த வீடுகளில் டிவி எப்படி வந்தது? 2006-க்குப் பிறகு திமுக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி கொடுத்தது. அரசு கேபிள் நிறுவனம் 2007-ல் கலைஞர் ஆட்சியில் உருவாகி, முடங்கி, 2011-ல் ஜெயலலிதா ஆட்சியில் மாதம் 70 ரூபாய்க்கு உயிர்பெற்றது. இலவசம் என்று ஏளனம் செய்யப்பட்ட பெட்டியும், அரசியல் பழிவாங்கல் என்று விமர்சிக்கப்பட்ட கேபிளும், செலவு என்று சொல்லப்பட்ட சேனலும் சேர்ந்து அந்த ஆண்டு ஒரு வகுப்பறை ஆயின. ஒருவர் செய்ததை மற்றவர் அழிக்காமல் விட்ட இடத்தில் பிள்ளைகள் படித்தார்கள்.

அதே ஜூலையில், பிளஸ் டூ பாட வீடியோக்களை மாணவர்களின் விலையில்லா மடிக்கணினியில் ஏற்றிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு, லேப்டாப்பைத் துணிப்பையில் சுமந்துகொண்டு பிள்ளைகள் வந்தார்கள். லேப்பில் இருந்த கணினிகளிலிருந்து ஒவ்வொன்றிலும் நகல் எடுத்தோம். ஆடு மேய்க்கும் தகப்பனார் ஒருவர் மகளுக்குப் பதிலாக வந்திருந்தார். "டீச்சர், இதுல பாடம் எல்லாம் இருக்குங்களா? ராத்திரி ஆடு கட்டுனப்புறம் பாக்கலாம்ல?" என்று கேட்டார். இருக்குங்க ஐயா, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றேன். ஒளிபரப்பு நேரத்துக்குக் கட்டுப்படாமல், வேலை செய்யும் குடும்பத்தின் நேரத்துக்குப் பாடம் வந்து நின்றது. என் பணிக்காலத்தில் இந்தத் திட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்த வாரங்கள் அவை.

இருந்தும் டிவியில் பாடம் பார்த்த பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் வேண்டும். பாடம் முடிந்ததும் தெருத்தெருவாகப் போய்ச் சந்தேகம் தீர்த்த ஆசிரியர்கள் எங்கள் ஒன்றியத்தில் இருந்தார்கள். அந்தத் தெருக்களில் பிள்ளைகள் பாடத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். யாரும் போகாத தெருக்களில் சில வாரத்தில் சேனல் மாறிவிட்டது.

லேப் யாருக்காக?

இதற்கிடையில் ஹைடெக் லேப்களும் வந்தன. அரசின் கணக்குப்படி 8,209 ஹைடெக் லேப்களும் தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும் அமைக்கத் திட்டமிட்டார்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் திரை வைப்பது பெரிய காரியம், மனதார வரவேற்கிறேன். இவற்றுக்கான பணத்தில் ஒரு பங்கு ஒன்றிய அரசும் நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வழியே வருவது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது, மொழிக் கொள்கை பற்றிய சண்டையின் விலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சேர்ந்து கொடுக்க நேர்ந்தது. ஒரு கொள்கையை ஏற்க வைப்பதற்குப் பள்ளிப் பணத்தைப் பிடித்து வைப்பது எந்தக் காரணத்தாலும் நியாயம் இல்லை.

மாநிலத்துக்கும் சொல்ல வேண்டியது உண்டு. லேப்பின் நேரத்தை எடுத்துக்கொள்வது இன்று பாடம் மட்டும் அல்ல. மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவு, ஆன்லைன் தேர்வு, விதவிதமான படிவங்கள், ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி என்று வரிசை நீள்கிறது. எமிஸ் வேலையிலிருந்து விடுவிக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் போராடியது சோம்பலால் அல்ல. பிள்ளை கற்பதற்காக வந்த இயந்திரம், மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பும் இயந்திரமாக மாறுவதை நாங்கள் அன்றாடம் பார்த்தோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நிற்க, உள்ளே நாங்கள் ஆதார் எண் சரிபார்த்துக்கொண்டிருந்த பீரியட்கள் உண்டு.

கேட்க வேண்டியது

தொழில்நுட்பத்தை அரசுப் பள்ளிக்குக் கொடுத்தது போட்டி அரசியல்தான். அந்தப் போட்டியை நான் பழிக்க மாட்டேன். ஒருவர் டிவி தந்ததால் இன்னொருவர் லேப்டாப் தந்தார், ஒருவர் லேப் கட்டியதால் அடுத்தவர் அதைப் பெருக்கினார். ஓட்டுக்கு மதிப்பு இருக்கும் ஊரில் பிள்ளைக்கு ஒன்று கிடைத்தது. அந்தப் போட்டி முதல் ஆண்டோடு நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். கொடுப்பதில் இருக்கும் போட்டி, கொடுத்ததைக் காப்பதிலும் வர வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து கணினிக்கு வாரத்துக்கு இத்தனை பீரியட் என்று கால அட்டவணையில் எழுதுங்கள், அதற்குத் தகுதியுள்ள நிரந்தர ஆசிரியரைப் போடுங்கள். லேப்டாப் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே கைக்கு வரட்டும். பேட்டரியும் கீபோர்டும் மாற்ற ஆண்டுதோறும் ஒரு தொகை தலைமையாசிரியர் கையில், பள்ளி மேலாண்மைக் குழுவின் பார்வையில் இருக்கட்டும். லேப் நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய பிறகே மற்ற வேலைகளுக்கு எடுக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். எந்த வீடியோவை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்பது என்பதை வகுப்பில் நிற்கும் ஆசிரியரிடம் விடுங்கள்.

சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை வரும்போது, எத்தனை கொடுத்தோம் என்ற எண்ணோடு, போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் கொடுத்தவற்றில் எத்தனை இன்று வேலை செய்கின்றன, ஒரு மாணவி வாரத்தில் எத்தனை மணி நேரம் தன் கையால் விசைப்பலகையைத் தொட்டாள் என்ற எண்களையும் அமைச்சர் அவையில் வைக்கட்டும். எதிர்க்கட்சி அதைக் கேட்கட்டும். பெற்றோர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதே கேள்வியைக் கேட்கட்டும். அந்த எண்களைப் பள்ளிதோறும் எடுத்துத் தரும் பதிவேடு எங்கள் லேப்களில் ஏற்கனவே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள், ஓட்டுக் கேட்பவர்களும் ஓட்டுப் போடுபவர்களும்.